அம்மா மறந்துவிட்டார், நான் எப்படி மறப்பது?

கேள்வி: எனக்கு வயது 49. மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் எழுத்தராக வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு 76 வயது. அல்சைமர் நோய் என்று மூன்று வருடங்களுக்கு முன்பு சொன்னார்கள். என்னோடுதான் இருக்கிறார். கணவருக்கு வெளியூரில் வேலை, வாரக் கடைசியில் வருவார். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண் ஏழரை மணிக்கு வருவார். குளிப்பாட்டும் வேலை மட்டும் தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். எனக்கு ஏழே முக்காலுக்கு பஸ்.

போன மாதம் ஒருநாள் காலையில், "அப்பா எப்போது வருவார்?" என்று அம்மா ஒன்பது முறை கேட்டார். அப்பா இறந்து ஆறு வருடங்கள் ஆகின்றன. பத்தாவது முறை கேட்டபோது, "அப்பா செத்துப்போய்விட்டார், எத்தனை தடவை சொல்வது?" என்று கத்திவிட்டேன். அப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறவர்போல அம்மா அழுதார். அழுதவரைக் கையைப் பிடித்து இழுத்துக் குளியலறைக்குக் கொண்டுபோனேன். மணிக்கட்டில் நீலமாகக் கன்றிப்போனது. பெங்களூரில் இருக்கும் என் தம்பி ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, அம்மாவை அடித்தாயா?" என்று கேட்டான். மாதாமாதம் பணம் அனுப்புவான், தீபாவளிக்கு வருவான். அன்றிலிருந்து அவனோடு பேசவில்லை.

அம்மா மறுநாளே எல்லாவற்றையும் மறந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டாலும் எதற்கு என்று அவருக்குத் தெரியாது. மன்னிக்க ஆளில்லை. நான் மகளா, ராட்சசியா என்று இரவெல்லாம் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன். என்னை நானே எப்படி மன்னிப்பது? மன்னிக்கலாமா?

மனநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் இரண்டு கேள்விகளை அடுத்தடுத்து எழுதியிருக்கிறீர்கள். எப்படி மன்னிப்பது என்பது ஒன்று, மன்னிக்கலாமா என்பது இன்னொன்று. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நடந்தது சின்ன விஷயம், விட்டுத்தள்ளுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நாலு பேர் அப்படிச் சொல்லியிருப்பார்கள், அது உங்கள் மனத்தில் ஒட்டியிருக்காது. அழுதுகொண்டிருந்த ஒரு முதியவரின் கையைக் கன்றிப்போகும் அளவுக்குப் பிடித்து இழுத்திருக்கிறீர்கள். அது தவறு. அந்த வயதில் தோல் மெல்லியதாகிவிடும், சற்று அழுத்திப் பிடித்தாலே ரத்தம் கட்டும். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் சுலபமாகக் கன்றும். இந்தத் தகவல் உங்கள் தம்பிக்குப் பயன்படலாம். உங்களைச் சமாதானப்படுத்தாது. எவ்வளவு வேகமாக இழுத்தீர்கள் என்பது உங்கள் கைக்குத் தெரியும்.

ஆகவே 'தவறு செய்தேன்' என்ற தீர்ப்பில் நான் கை வைக்கவில்லை. அதன்பின் நீங்களாகவே எழுதிச் சேர்த்துக்கொண்ட தீர்ப்பைத்தான் எதிர்க்கிறேன். செய்த தவறுக்குப் பரிகாரம் உண்டு. ராட்சசிக்கு என்ன பரிகாரம்? 'நான் இப்படிப்பட்டவள்தான்' என்று முடிவுகட்டிவிட்ட பிறகு, நாளைக் காலையில் வேறு விதமாக நடந்துகொள்ள வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடுகிறது. என்னிடம் வரும் குடும்பங்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தன்னை மிகக் கடுமையாக வைதுகொள்கிறவர்தான் மறுபடியும் நிதானம் இழக்கிறார். இரவெல்லாம் அழுது, தூங்காமல், எரியும் கண்களோடு எழுந்து, அதே குளியலறை வாசலில் அதே அம்மாவின் முன்னால் போய் நிற்கிறார். அந்த உடம்பில் பொறுமைக்கு இடம் எங்கே இருக்கும்?

அமெரிக்காவில் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் இருவர் 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் ஒரு பகுதி உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும். அண்மையில் குற்றவுணர்ச்சி தந்த ஒரு செயலை நினைத்துப் பார்க்கும்படி பங்கேற்றவர்களிடம் சொன்னார்கள். ஒரு பிரிவினரை மட்டும், அந்தச் செயலைச் செய்த தங்களுக்கே பரிவோடும் புரிதலோடும் சில வரிகள் எழுதச் சொன்னார்கள். தவறைச் சரிசெய்ய வேண்டும், இனி அப்படி நடந்துகொள்ளக் கூடாது என்ற விருப்பம் அப்படி எழுதியவர்களிடம்தான் கூடுதலாக இருந்தது. தன்மேல் இரக்கப்பட்டால் திமிர் வந்துவிடும் என்றுதான் நம்மில் பலரை வளர்த்திருக்கிறார்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகளை. நடப்பது நேர்மாறாக இருக்கிறது. எனவே மன்னிக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், மன்னித்தாக வேண்டும் என்பது. உங்களுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, அம்மாவின் மணிக்கட்டுக்காகவும் சொல்கிறேன்.

இந்தப் பரிவுக்குத் தமிழில் கண்ணோட்டம் என்று ஒரு சொல் இருக்கிறது. இன்று நாம் அதைப் பார்க்கும் கோணம் என்ற பொருளில் செலவழித்துக்கொண்டிருக்கிறோம். திருக்குறளில் அது 58-ஆவது அதிகாரத்தின் பெயர். அங்கே அதற்குப் பொருள், பழகிய ஒருவர்மேல் கண் ஓடும்போது மனத்தில் சுரக்கும் இரக்கம், தாட்சண்யம். இந்த அதிகாரத்தை வள்ளுவர் துறவிகளுக்குச் சொல்லும் பகுதியில் வைக்கவில்லை. பொருட்பாலில், நாடாளுகிறவனுக்குச் சொல்லும் அதிகாரங்களுக்கு நடுவே வைத்திருக்கிறார். தலைக்குமேல் வேலை இருக்கிறவனுக்குத்தான் இந்தக் குணம் அதிகம் தேவை என்று அவர் நினைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதில் ஒரு குறள்: 'கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு உரிமை உடைத்திவ் வுலகு.' செய்யவேண்டிய காரியம் கெடாமல் இரக்கம் காட்டத் தெரிந்தவருக்கு உலகமே உரியது என்கிறார். உங்களுக்கோ அம்மாவைக் குளிப்பாட்டியாக வேண்டும், பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும், தம்பியோடு சுமையைப் பங்கிட்டாக வேண்டும். இந்தக் கருமங்களில் ஒன்றும் சிதையாமல் கண் ஓடுவதற்கு என்ன வழி என்பதைத்தான் இனி எழுதுகிறேன்.

முதலில் அம்மா. 'மன்னிக்க ஆளில்லை' என்ற வரியைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். அது பாதி உண்மை, பாதி உண்மையில்லை.

புதிய நிகழ்ச்சிகளை நினைவில் பதிய வைப்பதில் மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. அல்சைமர் நோய் முதலில் சேதப்படுத்தும் இடங்களில் அதுவும் ஒன்று. நேற்று நடந்தது முதலில் போகும், பிறகு போன வருடம், பிறகு அதற்கு முந்தைய வருடங்கள் என்று அழிவு பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். கல்யாணமான புதிதில் குடியிருந்த வீட்டின் வாசல்படி நினைவிருக்கும், அப்பாவின் சாவு நினைவிருக்காது. அம்மா இன்று வாழும் நாட்களில் அப்பா வெளியே போயிருக்கிறார், இன்னும் திரும்பவில்லை, அவ்வளவுதான். அதனால் அன்று நீங்கள் சொன்னது அம்மாவுக்கு ஆறு வருடத்துப் பழைய செய்தியாகப் போய்ச் சேரவில்லை. அந்த நிமிடம் வந்த சாவுச் செய்தியாகச் சேர்ந்தது. அவர் அழுததில் நடிப்பும் இல்லை, பிடிவாதமும் இல்லை.

மறுநாள் எல்லாம் மறந்துவிட்டது என்கிறீர்கள். வார்த்தைகள் மறந்திருக்கும். உணர்ச்சியின் கதை வேறு. அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அல்சைமர் நோயுள்ள 17 பேருக்குச் சோகமான காட்சிகளையும், வேறொரு சமயம் மகிழ்ச்சியான காட்சிகளையும் போட்டுக் காட்டினார்கள். சில நிமிடங்களிலேயே அவர்களுக்குப் பார்த்த காட்சிகள் பெரும்பாலும் மறந்துபோயின. காட்சி தந்த துக்கமும் மகிழ்ச்சியும் அதன்பிறகும் தங்கியிருந்தன. ஏன் துக்கமாக இருக்கிறது என்று தெரியாமலே துக்கமாக இருந்தார்கள்.

இது கேட்கக் கஷ்டமான செய்தி என்று தெரிந்துதான் சொல்கிறேன். அன்று நீங்கள் பஸ் ஏறிய பிறகும் காரணம் தெரியாத ஒரு வருத்தம் அம்மாவிடம் மிச்சம் இருந்திருக்கலாம். ஆனால் இதே உண்மைதான் உங்களுக்கு வழியும் திறந்துவிடுகிறது. கசப்பு தங்கும் என்றால் இதமும் தங்கும். மாலையில் தலைவாரிப் பூ வைத்துவிட்டால், அதை அவர் ஏழு மணிக்கு மறந்துவிடுவார். யாரோ நம்மைப் பிரியமாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற நிம்மதி அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அவரோடு இருக்கும். அதனால் மன்னிப்புக் கேளுங்கள். இன்று இரவே கேளுங்கள். அந்த மணிக்கட்டில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, "அம்மா, என்னை மன்னித்துவிடு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். "எதற்கடி?" என்று கேட்டால், "சும்மாதான்" என்று சொல்லுங்கள். அவர் தலையைத் தடவிக் கொடுக்கலாம், அல்லது சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கலாம். எதைச் செய்தாலும் பெற்றுக்கொள்ளுங்கள். மன்னிப்பு என்பது நடந்ததை ஞாபகம் வைத்துக்கொண்டு ஒருவர் தரும் ரசீதாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை.

"அப்பா எப்போது வருவார்?" என்ற கேள்வி நாளையும் வரும். அதற்கு உண்மையைச் சொல்லித் திருத்த வேண்டாம். பொய்யும் சொல்ல வேண்டாம் என்று மனம் சொன்னால், கேள்விக்குள் இருக்கும் ஏக்கத்துக்குப் பதில் சொல்லுங்கள். "அப்பா ஞாபகம் வந்துவிட்டதா அம்மா? அப்பாவுக்கு என்ன குழம்பு பிடிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். மீன்குழம்பு, புளி, மண்சட்டி என்று பேச்சு வேறு பக்கம் ஓடும். சில சமயம் அந்தக் கேள்விக்குள் பசி இருக்கும், சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கும், வீட்டில் ஆள் நடமாட்டம் கூடியதால் வந்த பயம் இருக்கும். அதையும் பாருங்கள். ஒரே வாரத்தில் கேள்வியும் படபடப்பும் திடீரென்று பல மடங்கானால், நோய் முற்றிவிட்டது என்று உட்கார்ந்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடம்பில் நீர் குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவை மறதிநோய் உள்ளவர்களை அப்படித் தலைகீழாக மாற்றிவிடும். சரிசெய்யக்கூடியவை அவை.

அப்படியும் பத்தாவது முறை ஒன்று வரும். உங்கள் குரல் ஏறுவதற்கு முன்னால் உடம்பு அதைச் சொல்லும். தாடை இறுகும், காது சூடாகும். அந்த நேரத்தில் அம்மா பத்திரமாக உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வாருங்கள். இரண்டு நிமிடம் போதும். அம்மாவை விட்டுவிட்டுப் போனதாக நினைக்காதீர்கள். உங்கள் கையிலிருந்து அவரைக் காப்பாற்றிவிட்டு வருகிறீர்கள்.

அடுத்து, அந்த ஏழே முக்கால் பஸ். உங்கள் கடிதத்தில் எல்லோர் குற்றமும் இருக்கிறது, கடிகாரத்தின் குற்றம் மட்டும் இல்லை.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் நடந்து 1973-இல் வெளியான ஒரு பரிசோதனையை உளவியல் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். நடத்தியவர்கள் ஜான் டார்லி, டேனியல் பேட்சன். போதகராகப் போகிற 40 மாணவர்களை ஒவ்வொருவராக அடுத்த கட்டடத்துக்குப் போய்ப் பேசச் சொன்னார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகும் வழியில் ஓர் ஆள் வாசலோரம் சுருண்டு உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். அவன் பரிசோதனைக்காக வைக்கப்பட்டவன். இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் அவனுக்கு உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான் உதவினார்கள். சமாரியன் கதையைப் பேசப் போகிறோமா, வேறு எதையாவது பேசப் போகிறோமா என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை.

கடந்துபோன அந்த இளைஞர்களை ராட்சசர்கள் என்று சொல்வீர்களா? கால்மணி நேரத்தில் ஒரு மறதிநோயாளியைக் குளிப்பாட்டி உடுத்திவிட்டு பஸ்ஸுக்கு ஓடவேண்டிய பெண்ணுக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை கிடையாது? இது உங்கள் தவறைத் துடைத்துவிடாது. ஆனால் எங்கே திருத்த வேண்டும் என்று காட்டும். மனத்தைத் திருத்துவது கடினம், நேரத்தை மாற்றுவது சுலபம்.

காலையில்தான் குளிப்பாட்ட வேண்டும் என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். தினமும் குளித்தாக வேண்டும் என்பதும் கிடையாது. குளிக்காமல் அடுப்படிக்குள் போகாத வீடுகளில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், தெரியும். மறதிநோய் உள்ளவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் குளியல் போதும், மற்ற நாட்களில் வெந்நீரில் நனைத்த துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு உடை மாற்றினால் உடம்புக்கு ஒரு குறையும் வராது. அம்மா எந்த நேரத்தில் அமைதியாக இருக்கிறார் என்று ஒரு வாரம் கவனியுங்கள். பலருக்குச் சாயங்காலம் மங்கும் நேரம் ஆகாது, படபடப்பு கூடும். சனி, ஞாயிறு பதினோரு மணி உங்கள் வீட்டுக்குச் சரிப்படலாம். வார நாளில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்றால், அதற்குத் தனியாகக் காசு கொடுத்துப் பழக்கமுள்ள ஒருவரை வரச்சொல்லுங்கள்.

குளியலறைக்கு அவர் வர மறுப்பதும் அடம் இல்லை. வழுவழுப்பான தரையின் ஆழம் அவர் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாமல் இருக்கலாம். உடையைக் கழற்றுகிறவர் யார் என்றே ஒரு கணம் தெரியாமல் போகலாம். முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் சேலையை அவிழ்த்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? தோளில் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு அதன்மேலேயே தண்ணீர் ஊற்றலாம். தலையில் ஊற்றித் தொடங்காமல் பாதத்தில் தொடங்கி மெல்ல மேலே வாருங்கள். உட்காரக் கைப்பிடி வைத்த நாற்காலி போடுங்கள். ஒரு சொம்பை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அறுபது வருடம் பிறரைக் குளிப்பாட்டிய கை அது, வேலை கிடைத்தால் சமாதானமாகும்.

இனி தம்பி.

"அடித்தாயா?" என்ற கேள்வி ஏன் அப்படிச் சுட்டது? முழுப் பொய்யாக இருந்திருந்தால் கோபம் ஒரு நாளில் ஆறியிருக்கும். அது உண்மைக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. அதோடு, மூன்று வருடங்களாக நீங்கள் ஊட்டியதையும் கழுவியதையும் பார்க்காத கண், அந்த ஒரு நீலத் தழும்பை மட்டும் பார்த்தது. அந்த வலி நியாயமானது.

தூரத்தில் இருக்கும் பிள்ளை வந்தவுடன் குறை சொல்வது எல்லா ஊரிலும் நடக்கிறது. 1991-இல் முதியோர் மருத்துவ இதழ் ஒன்றில் இதற்கு 'கலிபோர்னியா மகள்' என்றே பெயர் வைத்து எழுதினார்கள். கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவர்கள் ஒரு நிலைக்கு வந்திருப்பார்கள், தொலைவிலிருந்து வரும் பிள்ளை அது ஏன், இது ஏன் என்று மருத்துவர்களையும் உடன்பிறந்தவர்களையும் உலுக்குவார். வரமுடியவில்லையே என்ற குற்றவுணர்ச்சியும், விட்டுப்போன காலத்தில் அம்மா இவ்வளவு மாறிவிட்டாரே என்ற அதிர்ச்சியும்தான் பெரும்பாலும் குறையாக வாயில் வருகின்றன. உங்கள் தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு சின்னத் திரையில் அம்மாவைத் தேடுகிறான். அந்தத் திரையில் அவன் கண்டது அவனைப் பயமுறுத்தியது. பயந்தவன் விசாரிப்பதில்லை, குற்றம் சாட்டுகிறான்.

நானும் அதைச் செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்பு, மறதிநோயுள்ள தாயை ஒரு மகன் அழைத்துவந்தார். அந்த அம்மாவின் நகங்கள் நீண்டு, அழுக்கேறி, வளைந்திருந்தன. நோயைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், "பெற்ற தாய்க்கு நகம் வெட்டக்கூட நேரமில்லையா?" என்று கேட்டுவிட்டேன், வெளியே காத்திருந்தவர்கள் காதில் விழும்படி. அவர் பதில் சொல்லாமல் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். முழங்கைக்குக் கீழே வரிசையாகப் பல் பதிந்த தழும்புகள். நகவெட்டியை எடுத்தாலே அந்த அம்மா கடித்துவிடுவார். பிறர் செய்யும் தவறுக்கு அவர்களுடைய குணத்தைக் காரணம் காட்டுவோம், நம் தவறுக்குச் சூழ்நிலையைக் காரணம் காட்டுவோம் என்று வகுப்பில் பாடம் நடத்தியவன் நான். அன்று அந்தப் பாடம் கைகொடுக்கவில்லை. அவரிடம் அப்போதே மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னது, "பரவாயில்லை சார், நீங்கள் பார்த்தது நகத்தைத்தானே." அந்த மனிதரிடம் இருந்த பெருந்தன்மையை நான் புத்தகத்தில் கற்கவில்லை. அன்றிலிருந்து எந்த வீட்டின் நகத்தைப் பார்த்தாலும் சட்டைக் கையை மடிக்கச் சொல்லிக் கேட்கிறேன்.

உங்கள் தம்பிக்கு நீங்கள் சட்டைக் கையை மடித்துக் காட்டவில்லை, சகோதரி. போனை வைத்துவிட்டீர்கள். அதனால் நீங்கள்தான் முதலில் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விட்டுக்கொடுக்க வேண்டியவள் மூத்தவள் என்பதற்காகச் சொல்லவில்லை, அந்த வாதத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அந்த வீட்டில் நடப்பது என்ன என்று முழுவதும் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான், அதனால் சொல்கிறேன். பேசினால் தொண்டை அடைக்கும் என்றால் எழுதி அனுப்புங்கள். இப்படி எழுதலாம்: "தம்பி, அன்று நான் அம்மாவை அடிக்கவில்லை. ஆனால் கையைப் பிடித்து இழுத்தேன், அதில்தான் கன்றிப்போனது. அது தவறு. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நீ கேட்ட விதம் எனக்கு வலித்தது. நான் தனியாக இதைச் செய்ய முடியாத இடத்துக்கு வந்துவிட்டேன். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு நீ இங்கே வந்து அம்மாவோடு இரு. நீயே குளிப்பாட்டு. அந்த இரண்டு நாள் நான் வெளியே போய்விட்டு வருகிறேன்."

'உதவி செய்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். தேதி சொல்லிக் கேளுங்கள். அம்மாவைப் பெங்களூருக்கு அழைத்துப் போகிறேன் என்று அவன் சொன்னால் அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். பழகிய வீட்டை விட்டு வேறு வீட்டுக்குப் போனால் இந்த நோயாளிகளுக்குக் குழப்பம் கூடும், கழிப்பறை எங்கே என்று தெரியாமல் இரவில் அலைவார்கள். அவன் இங்கே வருவதுதான் நல்லது. இரண்டு முறை குளிப்பாட்டிவிட்டான் என்றால் மூன்றாவது முறை அவன் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும். வரமாட்டேன் என்று சொன்னால், அவன் அனுப்பும் பணத்தோடு கூடுதலாக எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். அதையும் மறுத்தால் வருத்தப்படுங்கள், அது நியாயம்தான். அவனைப் பற்றி இரவெல்லாம் வழக்கு நடத்திக்கொண்டிருக்க மட்டும் வேண்டாம். அந்த இரவு உங்களுக்குத் தூங்குவதற்கு வேண்டியிருக்கிறது.

கடைசியாக நீங்கள். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்ற மறதிநோய் இருக்கலாம் என்று 2023-இல் வெளியான ஒரு நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலானோரை வீட்டில் ஒரு மகளோ மருமகளோ மனைவியோதான் பார்த்துக்கொள்கிறார். இன்று காலையிலும் அவர்களில் எத்தனையோ பேர் கத்தியிருப்பார்கள். கத்திவிட்டுச் சமையலறையில் போய் அழுதிருப்பார்கள். உங்களைப்போல எழுதி அனுப்பியவர்கள் மிகக் குறைவு. எழுதியதே உங்களுக்குள் இருக்கும் மகள் விழித்திருக்கிறாள் என்பதற்கு அடையாளம்.

ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை என்பதை மட்டும் நான் குற்றவுணர்ச்சி என்று எழுதிவிட மாட்டேன். நீண்ட நாள் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு மனச்சோர்வு நோய் வருவது சகஜம். சாப்பாடு பிடிக்காமல் போவது, எதிலும் ஈடுபாடு இல்லாமை, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். 14416 என்பது டெலி-மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். இரவு பகல் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். முதியோருக்கான உதவி எண் 14567. அம்மாவுக்கு வேண்டிய விவரங்களை அங்கே கேட்கலாம். 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் ஊருக்கு வருகிற சுகாதாரப் பணியாளரிடம் அம்மாவைப் பற்றிச் சொல்லி வையுங்கள். மறுபடியும் கை ஓங்கும் நிலை வருகிறது என்று தோன்றினால், நடந்த பிறகு எழுதாமல் நடப்பதற்கு முன்னால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்படிச் சொல்கிறவரை நாங்கள் யாரும் தாழ்வாக நினைக்கமாட்டோம்.

கடிதம் முழுவதும் அம்மாவின் வயது, அம்மாவின் நோய், அம்மாவின் மணிக்கட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை. 49 வயதில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? அடுத்த முறை அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது வரிசையில் நின்று இரண்டு ஓ.பி. சீட்டு வாங்குங்கள். ஒன்று அம்மா பெயரில், இன்னொன்று உங்கள் பெயரில்.